தட்டில் புண் இல்லை

மார்ச் 4, புதன்

எங்கள் மகள் பாப்பாவுக்கு இந்த ஊசி மருந்தும் கேட்கவில்லை. குடல் அழற்சி நோய் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்றுதான்: வீட்டைக் காக்க வைத்த காவல்காரனே வீட்டுக்காரரை அடிக்க ஆரம்பித்தால்? பாப்பாவின் வயிற்றுக்குள் பல வருடமாக அதுதான் நடக்கிறது. வங்கி வேலையைக்கூட விட்டுவிட்டாள்.

இன்று ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, அவள் சம்மதத்தோடு குடலிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்ப்பார்களாம்.

"துணுக்கு எப்படிங்க வளரும்?" என்றாள் இவள், பாப்பாவின் அம்மா.

"செம்பருத்திக் கொம்ப ஒடிச்சு நட்டா துளிர்க்கல?"

"அத மண்ணுல நடறோம். இத எதுல நடுவாங்க?"

காலமெல்லாம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் திருதிருவென்று விழித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

சின்னத் தட்டில், கூழ் மாதிரி ஒன்றில் நடுகிறார்களாம். ஆய்வுக்கூடப் பெண் படம் காட்டினாள். வெந்த ஜவ்வரிசி போலக் குட்டிக் குட்டி உருண்டைகள். அவளுக்கும் பாப்பா வயதுதான் இருக்கும்.

"நல்லா வளருது சார். ஆனா இது ஆராய்ச்சிக்குத்தான். இவங்க வைத்தியத்துக்கு உதவும்னு நெனச்சிடாதீங்க."

தெளிவாகத்தான் சொன்னாள். எங்கள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

பாப்பா சிரித்தாள். "என் குடலுக்கு வந்த வாழ்வப் பாருப்பா! தனி ரூம், வேளாவேளைக்குச் சாப்பாடு. நான் இங்க சலைன்ல கெடக்கேன்."

ஏப்ரல் 9, வியாழன்

தட்டில் வளர்வதில் புண்ணே இல்லையாம். இவள் உடனே தங்கைக்குப் போன் போட்டாள். "பாப்பாவுக்குப் புண் ஆறிடுச்சுடி! ஆய்வுக்கூடத்துலயே சொல்லிட்டாங்க!"

எதிர் அறையில் பாப்பா வலியில் சுருண்டு கிடந்தாள்.

விளக்கினேன். அடிவாங்கும் பையனைத் தனியாக உட்கார வைத்தால் காயமில்லாமல்தான் இருப்பான். மறுபடி வகுப்புக்குள் விட்டால்தானே தெரியும்? தட்டில் அடிக்க வரும் காவல்கார அணுக்களும் இல்லை, கிருமிகளும் இல்லை. அதனால் அமைதி.

"எதுக்கெடுத்தாலும் பாடம். ஒரு நாள் சந்தோஷமா இருக்க விடறீங்களா மனுஷன?" என்றாள்.

ஏப்ரல் 27, திங்கள்

குடலில் ஓட்டை. சீழ் பரவிவிட்டது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குப்பா" என்றாள்.

மே 2, சனி

பாப்பா போய்விட்டாள்.

மே 15, வெள்ளி

காற்றில் பாத்ரூம் கதவு அடித்துக்கொண்டது. "முடியுதாம்மா?" என்று எழுந்து ஓடினேன். யாரக் கேட்டேன்? யார் இருக்கா அங்க?

இவள் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை.

ஜூன் 10, புதன்

ஆய்வுக்கூடப் பெண் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். உருண்டைகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு புது மருந்தைச் சோதிக்க வேண்டும். ஆனால் நோயில்லாத இடத்தில் மருந்தைச் சோதிக்க முடியாது. அதனால் முதலில் வீக்கம் உண்டாக்கும் பொருளை ஊற்றி அவற்றுக்கு நோய் வரவழைக்க வேண்டும்.

"என்ன வேணா பண்ணிக்கங்க, யாருக்காவது உதவட்டும்னு உங்க பொண்ணே சொல்லியிருந்தாங்க. இருந்தாலும் உங்களக் கேக்காம செய்ய மனசு வரல. வேண்டாம்னா நிறுத்திடறோம் சார்."

இவள் அடுப்படியிலிருந்து வந்தாள். "நல்லா இருக்கறத எதுக்கும்மா நோகடிக்கணும்? அவ உடம்புல நோகாம இருக்கறது அது ஒண்ணுதான்."

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஓர் உதாரணமும் தோன்றவில்லை.

ஜூலை 3, வெள்ளி

"அதப் பாக்கணும்" என்று இவளேதான் கேட்டாள். போனோம். செருப்பைக் கழற்றப் போனவளைத் தடுத்து, காலுக்கு நீல உறை மாட்டிவிட்டார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் வரிசையில் நிற்பவன் போல நின்றேன்.

"வலிக்குமா அதுக்கு?"

"இல்லம்மா. நரம்பே கெடையாது அதுல."

"அவளுக்கும் இல்லாம இருந்திருக்கலாம்."

கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்து போடறப்ப சொல்லும்மா. வீங்க வெக்கறப்ப சொல்லாத."

ஆகஸ்ட் 19, புதன்

போன் வந்தது. இன்று மருந்து போட்டிருக்கிறார்களாம்.

அப்படியானால் அதற்கு முன்னால்? நாங்கள் சாப்பிட்டு, துணி காயப்போட்டு, கரண்ட் போனதற்குப் புலம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில் அது வீங்கியிருக்கிறது. நல்லவேளை, சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, சனி

காலையில் இவள்தான் போனை எடுத்தாள். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே நின்றாள். வைத்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"வீக்கம் வத்துதாம்."

அது தட்டு. மருந்து ஆளுக்கு வர இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். வராமலே போகலாம். எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"கேக்குதாம்ங்க," என்றாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவரிடம் ஓடிவந்து சொல்வது போல. "பாப்பாவுக்கு மருந்து கேக்குதாம்." அப்போதுதான் அழுகை உடைந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாடா," என்றேன்.