ஆர்லன் ஹௌகன் உழைத்த நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்
லோர்னா ஹௌகன்,
பள்ளிச் செவிலியர்,
டேமராக் ஏரிக்கரை, விஸ்கான்சின்.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்.

பொருள்: வாடகைக் குடிலில் என் கணவர் செய்த வேலை நேரம் நீக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏரியின் எதிர்க்கரையில் எங்களுக்கு ஒரு குடில் உண்டு. இரண்டு மூன்று நாள் தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அதில் வந்த நஷ்டத்தை வரிக்கணக்கில் என் சம்பளத்திலிருந்து கழிக்க, நானும் கணவர் ஆர்லனும் சேர்ந்து ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கு மேல், வேறு எவரையும் விட அதிகமாக, அங்கே உழைத்திருக்க வேண்டும். உழைத்தோம். பெரும்பகுதி அவருடையது.

2. தங்கள் விசாரணை அலுவலர் தொலைபேசியில் அவரைக் கேட்டபோது, "எனக்கு அங்க என்னங்க வேலை? எல்லாம் லோர்னாதான் பாத்துக்கறா. நான் சும்மா மீன் புடிக்கப் போவேன்" என்றார். அந்த ஒரு பதிலை வைத்து அவருடைய வேலை நேரம் அத்தனையும் நீக்கப்பட்டது. எங்கள் ஊர் ஆண்கள் வீட்டையே கட்டி முடித்தாலும் "ரெண்டு ஆணி அடிச்சேன்" என்பவர்கள்தான். ஆனால் ஆர்லன் தன்னடக்கத்தால் அப்படிச் சொல்லவில்லை. அவர் நம்புவதைத்தான் சொன்னார்.

3. அவருக்கு நினைவு தவறிக்கொண்டிருக்கிறது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.

4. நான் கொடுத்த வேலை நேரக் குறிப்பில், ஒரே மாதத்தில் மூன்று முறை படிக்கட்டுக் கைப்பிடிக்கு வார்னிஷ் அடித்ததாக எழுதியிருப்பது பொய்க்கணக்கு என்று குறிப்பிட்டுள்ளீர்கள். மூன்று முறையும் அடித்தார் ஐயா. முதல் முறை அடித்தது அவருக்கு நினைவில்லை. தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னிரண்டையும் கழித்துக்கொள்ளுங்கள், வாதாட மாட்டேன்.

5. பனி உருகியதும் படகுத்துறைப் பலகைகளை ஏரியில் இறக்குவது, விறகு பிளப்பது, குளிரில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க முன்கூட்டியே தண்ணீரை வடிப்பது எல்லாம் அவர்தான். கை மறக்கவில்லை. குடிலைச் சுத்தம் செய்யும் டார்லா கடிதம் கொடுத்திருக்கிறார்: "நான் படுக்கை விரிப்பு மாத்தி முடிக்கறதுக்குள்ள மனுஷன் பாதித் துறையை எறக்கிடுவாரு. காப்பி குடிங்கன்னா, வேலை கெடக்கு போம்மான்னுவாரு." செய்தாரா என்றுதான் சட்டம் கேட்கிறது. செய்தது நினைவிருக்கிறதா என்று கேட்கவில்லை.

6. இந்த மணி நேரக் கணக்கு போனால் வரி கட்டக் குடிலை விற்க வேண்டும். விற்றால் காலையில் எழுந்து அவர் போக ஓர் இடம் இருக்காது. எனக்குள்ள பயம் அதுதான்.

7. கடைசியாக ஒன்று. நோயின் பெயரை மருத்துவர் அவரிடம் இருமுறை சொல்லிவிட்டார். இரண்டு முறையும் அவர் புதிதாகக் கேட்பவர்போல அழுதார், பிறகு மறந்தார். மூன்றாவது முறை அவர் அதைக் கேட்க நான் விடமாட்டேன். ஆணை எங்கள் இருவர் பெயருக்கும் வீட்டு முகவரிக்குத்தான் வரும் என்கிறார்கள். தபாலை எடுத்துவந்து, பிரித்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவது ஆர்லன்தான்.

ஆகவே, அவருடைய வேலை நேரத்தைச் சேர்த்து எனக்குச் சாதகமாக ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்த நோயின் பெயரை எழுதாமல் அப்படி ஆணையிட வழியில்லை என்றால், காரணம் எதுவும் குறிப்பிடாமல் என் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். குடிலை விற்று வரியைக் கட்டிவிடுகிறேன்.

நாள்: 12 நவம்பர் 2024
இடம்: டேமராக் ஏரிக்கரை

இப்படிக்கு,
லோர்னா ஹௌகன்