ஆடியில் வந்த மதர்போர்டு

9 ஜூலை 2025, புதன்

இன்று முழுக்க ஒரே கப்பலுக்கு பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்குச் சீட்டு, அடித்தேன். தென்னைநார்த் தூள், கன்டெய்னர் கன்டெய்னராக. அந்தக் கப்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் கிரேன்களின் தலை மட்டும்தான் தெரியும்.

மதியம் சாப்பிடும்போது தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை லிங்கராஜ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன மாரி, கம்ப்யூட்டரா? கேமிங்குன்னு போட்டிருக்க. யாருக்கு, தம்பிக்கா?"

"எனக்குத் தம்பி இல்லண்ணே. எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிது. ஆனால் தாளை இழுத்துத் தானே எழுத ஆரம்பித்துவிட்டார். "மொதல்ல கிராபிக்ஸ் கார்டு. பாதிக் காச அதுல போடு. மத்ததெல்லாம் தள்ளுவண்டில வாங்குனாலும் ஓடும்."

சரி என்று தலையாட்டினேன். சரியில்லை என்று தெரிந்துகொண்டே.

13 ஜூலை, ஞாயிறு

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுவது போல நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"பட்ஜெட் எவ்வளவும்மா?" நாற்பத்தைந்தாயிரம் என்றேன். உடனே ஒரு கண்ணாடிக் கேபினட்டின் சுவிட்சைப் போட்டார். உள்ளே கலர் கலராக விளக்கு சுற்றியது, கோயில் கொடை சீரியல் செட் மாதிரி. உள்ளே கரண்டைச் சீராக்கித் தரும் எஸ்எம்பிஎஸ் என்ன என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது, முதல் தடவை எனக்கே கேட்கவில்லை.

"அது உள்ள கெடக்கும்மா, யாருக்குத் தெரியப் போகுது? லைட்டுதான வெளிய தெரியும்."

திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். நானே வாங்கி நானே மூட்டுவேன். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம், ஜாக்கெட்டுக்கு ஆரி எம்பிராய்டரி போட்டுக் கொடுத்த காசு, எல்லாம் சேர்ந்து ஒன்றரை வருடம். தப்பாகப் போனால் இன்னொரு தடவை சேர்க்க எனக்குத் தெம்பு கிடையாது. ஆனாலும் நானேதான்.

14 ஜூலை, திங்கள்

ஆர்டர் போட்டுவிட்டேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் இது என்று யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு இல்லை. இப்போதைக்கு வேண்டாம். பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருக்கிற மாதிரி ஒன்று எடுத்திருக்கிறேன். அதற்கு மெமரி வேகமாக இருக்க வேண்டும், அதுவும் ஒன்றாக இல்லாமல் இரண்டாகப் போட வேண்டும். அதனால் எட்டும் எட்டும் பதினாறு. விளக்கு சுற்றும் கேபினட் இல்லை. கடல் பக்கத்தில் இருக்கும் எங்கள் முத்தையாபுரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் டிவி மேல் உப்புப் பிசுபிசுப்பு. முன்னால் வலையும் கழற்றிக் கழுவுகிற மாதிரி வடிகட்டியும் உள்ள கறுப்புப் பெட்டி, பார்க்க ஒன்றுமே இல்லை. அதில் மிச்சம் பிடித்ததை எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டேன். அப்பாவின் மளிகைக் கடை பிரிட்ஜ் ஓட ஆரம்பித்தாலே எங்கள் வீட்டு பல்பு கண் சிமிட்டும். மதர்போர்டு மட்டும் கொஞ்சம் விலை கூட. பின்னால் ஒருநாள் கிராபிக்ஸ் கார்டு போட இடம் வேண்டுமே.

லிங்கராஜ் அண்ணனிடம் சொன்னேன். "கிராபிக்ஸ் கார்டு இல்லாம கேமிங்கா? அப்ப என்ன கேம் வெளையாடப் போற, பல்லாங்குழியா?"

ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் ஆர்டரை மாற்றவில்லை.

17 ஜூலை, வியாழன்

எல்லாப் பெட்டியும் ஒரே நாளில் வந்தன. இன்று ஆடி ஒன்று.

கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "ஏளா, ஆடி மொதநாளுமா புதுச் சாமானப் பிரிப்பாவ? ஒன்றர வருசம் பொறுத்தவளுக்கு ஒரு மாசம் பொறுக்க முடியாதா?" எல்லாவற்றையும் சாமி படத்துக்குக் கீழே அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமம் வைத்தாள். மதர்போர்டுப் பெட்டிக்குப் பெரிதாக வைத்தாள். ஏன் என்று கேட்டேன். அதில்தான் படம் நன்றாக இருக்கிறதாம்.

திருப்பி அனுப்ப ஒரு வாரம்தான் கெடு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வீட்டில் யாரும் இதற்கு முன் இப்படி ஒன்று வாங்கியதில்லை. சொல்லவில்லை.

24 ஜூலை, வியாழன்

கெடு முடிந்தது. புதுப் பொருள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

5 ஆகஸ்ட், செவ்வாய்

மாதா கோவில் திருவிழாவுக்கு லீவு. வீட்டில் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படி மூட்டுவது என்று வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். எந்த ஸ்குரூ எந்த ஓட்டைக்கு என்பது வரை. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடலாமா? அம்மா தினமும் விளக்கேற்றும்போது அந்தப் பெட்டிகளையும் சேர்த்துக் கும்பிடுகிறாள். முடியாது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையிலேயே குளித்துவிட்டு உட்கார்ந்தால், காலண்டரில் நவமி. "சாயங்காலம் கழிஞ்சிரும்ளா" என்கிறாள் அம்மா. சரி, சாயங்காலம்.

பிரித்தேன். போனை டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவும் எடுத்தேன். மதர்போர்டை எடுத்து, பிராசசர் உட்காரும் இடத்தின் மூடியைக் கழற்றினேன். ஆயிரத்துக்கும் மேல் பின்கள், முடியை விட மெல்லிசாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு பின் மடங்கிக் கிடக்கிறது. ஒன்று பக்கத்துப் பின் மேல் ஏறிப் படுத்திருக்கிறது.

அம்மா சூடத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு ஒயர் வரணும்மா" என்றேன்.

அம்மாவிடம் இதற்கு முன் இப்படிப் பொய் சொன்னதே இல்லை. ஆனாலும் அவ்வளவு சுலபமாக வந்தது.

18 ஆகஸ்ட், திங்கள்

விற்றவர்களின் எண்ணுக்கு ஆபீஸ் மாடிப்படியில் நின்று போன் பேசினேன். என்ன பேச வேண்டும் என்று உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு. போட்டோவும் அனுப்பினேன்.

"மேடம், பாக்ஸ் மேல ரெட்டா இருக்கே, அது டேமேஜா?"

"குங்குமம்."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டெலிவரி ஆகி ஒரு மாசம் ஆயிட்டு மேடம். பின் வளைஞ்சதுக்கு வாரண்டியும் வராது. சாரி மேடம்."

உள்ளங்கை வியர்த்து எழுதியது எல்லாம் அழிந்துவிட்டது.

20 ஆகஸ்ட், புதன்

பர்மிஷன் போட்டுவிட்டு ரிப்பேர் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மூடியைக் கழற்றி ஊதினார். "விட்டுட்டுப் போம்மா. வந்தா வரும், வராட்டி புதுசு வாங்கிக்கோ." சொல்லிக்கொண்டே பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்தார். அதால் தேய்த்தால் நாலு பின் நானூறு பின் ஆகும்.

"வேண்டாம் அண்ணாச்சி. குடுங்க."

"ஏம்மா, நான் எத்தன போர்டு பாத்திருக்கேன்..."

"குடுங்க அண்ணாச்சி."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொடுத்துவிட்டார்.  வெளியே வரும்போது போர்டு என் கையில் இருந்தது.

21 ஆகஸ்ட், வியாழன்

அப்பா எதையும் நேராகக் கேட்கமாட்டார். நான் நேற்று எங்கள் கடைக்குப் பின்னால் நின்று இன்னொரு தடவை போன் பேசியதைக் கேட்டிருக்கிறார் போல. இன்று ராத்திரிச் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"கடைக்குப் பருப்பு மூட வந்தா, வண்டியப் போகவிடாம நிறுத்தி வச்சுப் பிரிச்சுப் பாப்பேன். வீட்டுக்கு வந்த சரக்க ஒரு மாசம் வேடிக்க பாத்திருக்கேன் பாரு."

"என்ன சரக்கு?" என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டிகளைப் பார்த்தாள். "ஒயர் வரணும்னு சொன்ன?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

"அப்ப என்னாலதான."

"இல்லம்மா."

"ஆடில பிரிக்காதன்னு நான்தானளா சொன்னேன்."

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. எனக்கு அப்பா மேலதான் கோவம் வந்துச்சு. எதுக்குச் சொல்லணும்? பின்ன வளச்சது அம்மாவா? எவனோ பேக் பண்ணும்போது வளச்சத அம்மா தலையில கட்டுனா எப்படி? அம்மா குங்குமம் வச்சது ஒரு தப்பா? எங்க வீட்ல அந்தப் பெட்டியக் கும்பிட்ட ஒரே ஆளு அவதான்.

அழுதுவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று நாளாகப் பேசாமல் இருந்த அம்மா, காலைப் பாத்திரம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எங்க, காட்டு."

காட்டினேன். "இம்புட்டுக்காணு இதா? இதுக்கா இந்தப் பாடு?"

"இம்புட்டுக்காணுங்கதாலதாம்மா பாடு."

நானேதான் செய்ய வேண்டும் என்று ரிப்பேர் கடை வாசலிலேயே முடிவு செய்திருந்தேன். கை வரவில்லை, அவ்வளவுதான். இன்று அம்மா உட்கார்ந்ததும் வந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டேன். ஆரிப் பெட்டியில் இருந்ததிலேயே மெல்லிய ஊசி. அம்மா என் போனில் டார்ச்சைப் போட்டுச் சாய்த்துப் பிடித்தாள். அம்மா போனில் கேமராவைப் பெரிதாக்கி டப்பா மேல் வைத்தேன்.

முதல் பின் லேசாக நிமிர்ந்தது. இரண்டாவதும். அம்மா ஆரம்பித்தாள்: "ஏளா, மூச்ச விடு. முருகா. கொஞ்சம் அங்கன தள்ளு. அது இல்ல, அங்கன—"

"பேசாதம்மா."

இருபத்து மூன்று வயதில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அதுவும் முதல் தடவைதான்.

பக்கத்துப் பின் மேல் ஏறிப் படுத்திருந்ததுதான் கடைசி. இழுத்தால் ஒடியும், தள்ளினால் பக்கத்தது மடங்கும். ஊசியைக் கீழே கொடுத்து, இழுக்காமல், தூக்காமல், அது தானாக வர விட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மாவின் கை வலித்திருக்கும், டார்ச் அசையவே இல்லை. பின் விலகித் தன் இடத்துக்கு வந்தது. தூரத்தில் வைத்துப் பார்த்தேன். மூலையிலும் வெளிச்சம் மற்ற இடம் மாதிரியே விழுந்தது.

பிறகு எல்லாம் மனப்பாடம்தான். பிராசசர், மெமரி, கேபினட், ஒயர்கள். மதியம் அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"அவிஞ்சு போச்சாளா?" என்றாள் அம்மா.

முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும் என்று படித்திருக்கிறேன். அவசரப்பட்டு அணைக்கக் கூடாது. படித்தது படித்ததுதான், ஆனால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது வேறு. அப்பா, "நான் வேணா மெயின ஆஃப் பண்ணிட்டுப் போடட்டா?" என்று சுவிட்ச் பக்கம் போனார். "தொடாதிங்கப்பா" என்றேன். இன்று எனக்கு என்னமோ ஆகிவிட்டது.

திரையில் எழுத்து வந்தது. மெமரி பதினாறு. இரண்டும் தெரிந்தன.

அம்மா ஓடிப் போய்ச் சூடத் தட்டை எடுத்து வந்தாள். கேபினட்டுக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம் என்றேன். அதற்குள் மானிட்டருக்குக் காட்டிவிட்டாள். அப்பா கேபினட்டின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துப் பார்த்தார். "சத்தமே இல்லையே" என்றார். அது நான் எடுத்த எஸ்எம்பிஎஸ் அப்பா. நான் எடுத்தது.

நான் தேர்ந்தெடுத்தேன். நான் மூட்டினேன். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டுகிற விளையாட்டு. இதற்குத்தான் இவ்வளவும். படத்தின் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தால் கிரேன்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிகின்றன. கரைக்கு வரும்போது வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் இடித்துவிட்டேன்.

1 செப்டம்பர், திங்கள்

லிங்கராஜ் அண்ணனிடம் சொன்னேன். "இடிச்சிட்டியா? எத்தன கோடி? நம்ம ஆபீஸ் பேரச் சொல்லிராத தாயி." பிறகு மெதுவாக, "கார்டு இல்லாமலா ஓடுது?" என்றார். போனில் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு பல்லாங்குழிப் பேச்சு இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

கப்பலைக் கரையில் கட்டிவிட்டேன். ஒரு கீறல் இல்லாமல்.

7 டிசம்பர், ஞாயிறு

லிங்கராஜ் அண்ணன் தன் தங்கை ஜெயபிரியாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காலேஜ் கடைசி வருடம். அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம், நான்தான் பொருள் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். இப்போது மெமரி விலை கண்டபடி ஏறிக் கிடக்கிறது. நான் வாங்கிய விலையைச் சொன்னதும் அவர் நெஞ்சில் கை வைத்தார். அம்மா காப்பி கொடுத்துக்கொண்டே, "இவளே மூட்டினது" என்று கேட்காமலேயே சொன்னாள்.

ஜெயபிரியா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன வெளையாடணும்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு என்ன மாரி தெரியும்," என்று அண்ணன் ஆரம்பித்தார். "ஒரு நாப்பதுக்குள்ள, கார்டு வந்து—"

"அண்ணே, நீங்க காப்பியக் குடிங்க. அவ சொல்லட்டும்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார். ஜெயபிரியா என் திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"சிரிக்கக் கூடாதுக்கா" என்றாள்.

"சிரிக்கமாட்டேன்."

"ஊரு கட்டுத கேம் ஒண்ணு இருக்குல்லா. ரோடு போட்டு, தண்ணி லைன் இழுத்து... அது."

தாளை எடுத்து, விலை எதுவும் எழுதுவதற்கு முன்னால், முதல் வரியாக அதை எழுதினேன்.