துப்புகிறவருக்கு பெர்மிட் கிடையாது

சிதம்பரம்,
12-2-1964

அன்புள்ள மச்சான் ஞானசேகரனுக்கு,

இங்கு நான், உன் அக்காள் சௌந்தரம், பையன் மணவாளன் மூவரும் சுகம். அங்கு உன் வீட்டில் கொளஞ்சியம்மாளும் என் மருமகள் பூங்காவனமும் எப்படி? மருமகள் என்று உரிமையோடுதான் எழுதுகிறேன். அவள் பிறந்த அன்றே நம் பையனுக்கென்று பேசி முடித்த சம்பந்தம்.

உன்னால் ஒரு சிறு உபகாரம் ஆக வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது நீ வேலை பார்க்கும் புதுச்சேரிக் கடையிலிருந்து கொண்டுவந்தாயே, அந்தச் சிவப்பு ஒயின் என் வயிற்று மந்தத்துக்கு நல்ல குணம் கொடுத்தது. தொடர்ந்து சாப்பிட்டால் தேவலை. ஆனால் புதுச்சேரியில் தாராளமாக விற்பது நம் பக்கம் வந்தால் குற்றம். பெர்மிட் வேண்டும். நான் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியன்; போதாததற்கு மதுவிலக்குப் பிரசாரக் குழுவின் காரியதரிசி. என் பெயரில் எடுப்பது அழகல்ல. நீ ஒயின் வியாபாரத்தில் இருப்பவன். உன் பெயரில் இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வருகிற தையில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அக்காள் எழுதச் சொன்னாள்.

உன் நலம் கோரும்,
சுப்புராயன்


கடலூர்,
9-3-1964

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

பெர்மிட் கிடைத்துவிட்டது. சர்க்கார் டாக்டர், "தினம் எவ்ளோ குடிப்பீங்க?" என்றார். "குடிக்கறதில்லீங்க. வாயில வெச்சுப் பாத்துட்டு படிக்கத்துல துப்பிடுவேன். அதான் உத்தியோகம்" என்றேன். கப்பலில் வரும் பீப்பாய்களை ருசி பார்த்துச் சொல்கிறவன் விழுங்க ஆரம்பித்தால் நாலைந்து பீப்பாய்க்கு மேல் நாக்கு பொய் சொல்லும் என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "துப்பறவங்களுக்கு பெர்மிட் கெடையாது. குடிக்கலன்னா உசுருக்கு ஆபத்துங்கறவங்களுக்குத்தான்" என்றார்.

ஆகவே, குடியில்லாமல் என் உயிர் தரிக்காது என்று கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் ஒரு மிடறு விழுங்காதவனைக் குடிகாரனாக்க சர்க்காருக்கு ஒரு காலை நேரம் போதுமாயிருந்தது. கொளஞ்சியிடம் காட்டினேன். "இத்தினி நாளு துப்பறதுக்கு மொதலாளி சம்பளம் குடுத்தாரு. இப்ப குடிக்கறதுக்கு சர்க்காரு சீட்டு குடுக்குது. குடுத்து வெச்ச ஆளுதான்" என்றாள்.

'திராட்சை டானிக்' என்று காகிதம் ஒட்டி இரண்டு புட்டி அனுப்பியிருக்கிறேன். பிரான்சில் போர்தோ பக்கத்துச் சரக்கு. நிமிர்த்தி வைக்க வேண்டாம்; தக்கை காய்ந்து காற்று புகுந்துவிடும். படுக்க வையுங்கள். திறந்ததும் குடிக்காமல் சற்று நேரம் விடுங்கள். முதலில் மழை விழுந்த செம்மண் வாசனை வரும். பிறகு கனிந்த நாவல்பழம். கடைசியில் நாக்கின் ஓரத்தில் மாதுளைத்தோல் போல ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் அதன் மரியாதை. அவசரக்காரருக்கு அது தன்னைக் காட்டாது.

தங்கள் அன்புள்ள,
ஞானசேகரன்


சிதம்பரம்,
2-4-1964

அன்புள்ள மச்சானுக்கு,

டானிக் வந்து சேர்ந்தது. நீ எழுதியிருந்த துவர்ப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே உன் அக்காள் மிளகு, திப்பிலி, பனங்கற்கண்டு போட்டுச் சுண்டக் காய்ச்சித் தருகிறாள். இப்போது வாயில் வைக்க முடிகிறது. நேற்று மதுவிலக்குக் கூட்டத்தில் வெகுநேரம் பேசினேன். தொண்டை கம்மவே இல்லை. எல்லோரும் பாராட்டினார்கள்.

மாதம் இரண்டு புட்டி போதவில்லை.

உன்,
சுப்புராயன்


கடலூர்,
18-9-1964

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாதாமாதம் அனுப்பிவருவது கிடைத்திருக்கும். ஒயினைக் காய்ச்சுவது பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்தத் திராட்சையைப் பயிரிட்டவன் வெகுதூரத்தில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

காலிப் புட்டிகளைத் தவறாமல் திருப்பி அனுப்புங்கள். மதுவிலக்கு ஏட்டு வந்து எண்ணிப் பார்க்கிறார். போன மாதம் எதிர்வீட்டில் நின்று, "பெர்மிட்காரர் வீடு எது?" என்று உரக்க விசாரித்தார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு அதுவே பெயர். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக நடந்து வந்தால், ஆள் கெட்டிக்காரன், காட்டிக்கொள்ள மாட்டான் என்கிறார்கள். கல் தடுக்கினால் அவர்களுக்கு நிம்மதி. பூங்காவனம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனால், "உங்கப்பா இன்னிக்கு நிதானமா?" என்று கேட்கிறார்களாம்.

ஆனியில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் அவளைக் கேட்டு வந்தது. அத்தை மகன் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது என் பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லையே. நிச்சயத்துக்கு என்றைக்கு வருகிறீர்கள் என்று எழுதினால் கொளஞ்சி தூங்குவாள்.

தங்கள் அன்புள்ள,
ஞானசேகரன்


சிதம்பரம்,
30-11-1964

அன்புள்ள மச்சானுக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. நம் பிள்ளைகள் விஷயத்தை இங்கே நாலு பேரிடம் கலந்து பேசினேன். மதுவிலக்குக் குழுக் காரியதரிசி, பெர்மிட்காரர் வீட்டில் பெண் எடுத்தால் மேடையில் நிற்க முடியாது என்கிறார்கள். நீ குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சர்க்கார் டாக்டரின் கையெழுத்தைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மணவாளனுக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரி ஒருவர் பெண்ணை நிச்சயம் செய்தாகிவிட்டது. அக்காள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாள். தையில் கல்யாணம். தாய்மாமன் நீதான் வந்து பையனுக்கு முதல் மாலை போட வேண்டும். முறை விட்டுப்போகக் கூடாது. சம்பந்தி வீட்டார் உன் தொழில் என்ன என்று கேட்டால் பழ வியாபாரம் என்று சொல். பொய்யும் ஆகாது.

வரும்போது நாலு புட்டி கொண்டுவா. சம்பந்திக்கும் வயிற்று மந்தம் உண்டு.

உன்,
சுப்புராயன்


கடலூர்,
11-12-1964

மாமா அவர்களுக்கு,

கடிதத்தைப் பூங்காவனத்திடம் கொடுத்தேன். கடைசி வரை படித்தாள். "பாவம் மாமா. இனிமே டானிக்குக்கு எங்க போவாரு?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். கொளஞ்சி அன்று அடுப்பை மூட்டவில்லை.

நெல்லிக்குப்பத்துக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஒங்க சமாசாரந்தான்..." என்று நிறுத்திக்கொண்டார் பெரியவர். என் சமாசாரம் என்னவென்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், யாருக்காக என்று கேட்பார். உங்கள் வீட்டில்தான் என் அக்காள் குடித்தனம் செய்கிறாள்.

பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டாக்டர், "கொணமாயிடுச்சா?" என்றார். "ஆயிடுச்சுங்க" என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிதம்பரத்தில் ஒரு குழு இருக்கிறதாம். திருந்தியவர்களை மேடையேற்றி மாலை போடுகிறார்களாம். அழைப்பு அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார். காரியதரிசிக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மணவாளனுக்குப் பட்டு வேட்டியும் அக்காளுக்குப் புடவையும் தபாலில் வரும். புட்டி வராது. நானும் வரமாட்டேன். மாலை போடும் நேரத்தில் தாய்மாமன் எங்கே என்று பந்தலில் கேட்பார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று சொல்லுங்கள். யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

ஞானசேகரன்