ஆரத்தி நிறத்தில் ஒரு மண்கோடு

நன்மை பெருகுக. மலைமுகட்டில் முகில் தங்குக. ஏரிகள் நிரம்பி வழிக. ஈரணைக் கோட்டத்து ஊர்தோறும் உலை கொதிக்கும் ஓசை ஓயாதிருக்க.

காந்தள் கொடி உயர்த்திய குலத்தில் வந்தவளும், கருங்கல் மதில் சூழ்ந்த மாமுகட்டூரில் வீற்றிருந்து பொறைநாட்டைப் புரந்தருளுபவளுமாகிய பெருங்கோமகள் நன்முகை, தம் இளவலும் ஈரணைக் கோட்டத்தின் காவலருமாகிய வேள் மாநாகனாருக்கு விடுக்கும் திருமுகம். நும் கோல் செவ்விதாகுக. நும் இல்லத்தார் நலம் பெறுக. நும் யானைகளுக்குக் கரும்பும் நும் மக்களுக்கு நெல்லும் குறைவற விளைக.

இவ்வோலையை முதலில் தனியே வாசித்துக்கொள்க. பின்னர் அவையோர் முன் வாசிப்பிக்க. முகம் சிவப்பதாயின் முதல் வாசிப்பிலேயே சிவந்து முடித்துவிடுவது காவலருக்கு அழகு.

ஈரணை அம்பலத்தைப் பற்றி நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதில் புதுக்குதல் என்னும் ஒரு சொல்லைத் தவிர வேறு சொல்லே இல்லை. தூண்களைப் பிரித்ததும் புதுக்குதல், கல்லை மணல்கொண்டு தேய்க்க நினைத்ததும் புதுக்குதல், தூண்குழிகளை ஒரே மூச்சில் வாரி எறிந்து சுண்ணச்சாந்து நிரப்ப நினைத்ததும் புதுக்குதல். பசிக்கும் பல்வலிக்கும் ஒரே சூரணம் தரும் மருத்துவனை நம் தந்தையார் ஊரைவிட்டே அனுப்பினாரே, அவன் நினைவுக்கு வந்தான்.

பழங்கட்டடத்தில் கைவைப்போர்க்கு யாம் வகுத்த சொற்கள் ஏட்டுக்கு அழகு சேர்க்க வந்தவை அல்ல. சாயும் சுவருக்கு மரம் கொடுத்து நிறுத்துதல் தாங்கல். பிளந்த கல்லைப் பொருத்தி ஒழுகும் கூரையை அடைத்தல் செப்பம். கல் கல்லாகப் பிரித்து, அடிப்படையைத் திருத்தி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே மீண்டும் ஏற்றுதல் மீளடுக்கு. இவற்றுள் எதுவும் ஆகாதபோதுதான் புதுக்கட்டு, அதற்கும் எம் இசைவு வேண்டும். அடி இறங்கி ஒருபுறம் சாய்ந்துபோன ஈரணை அம்பலத்துக்கு யாம் இசைந்தது மீளடுக்குக்கு மட்டுமே. ஏவுகிறவர் எச்சொல்லைச் சொல்கிறாரோ அதையே உளியும் கடப்பாறையும் செய்யும். ஆகவேதான் சொல்லில் இத்தனை பிடிவாதம்.

அந்த அம்பலத்தின் வழக்கம் நுமக்குத் தெரிந்ததே எனினும், நும் அவையில் புதியோர் பலர் இருப்பதால் உரைக்கிறோம். அங்கே ஒவ்வொரு குடிக்கும் ஒரு தூண் உண்டு. தூண் நாட்டிய அன்று அந்தந்தக் குடியார் தம் தொழிற்பொருள் ஒன்றைக் குழியில் இட்டு, அதன்மேல் சுண்ணமும் சரளையும் இட்டு இறுக்கி, அதன்மேல் தூணை நிறுத்தினர். ஆண்டுக்கொருமுறை கூடும் கூட்டத்தில் முன்தூணுக்கு உரியவர் முதலில் பேசுவர், அவர் சொன்ன வழக்கே அவ்வாண்டு மழைக்கு முன் தீர்க்கப்படும், மற்றவை காத்திருக்கும். பாட்டனார் காலத்துப் பஞ்சத்தில் கூட்டம் நின்றுபோயிற்று. அதை மீண்டும் கூட்டுக என்று யாம் ஆணையிட்டோம். அன்று முன்தூணில் நின்று பேசியவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. எண்ணெய் வணிகரும் முன்தூண் எமது என்கின்றனர், பானை வனையும் வேட்கோவரும் எமது என்கின்றனர்.

இதில் வெறும் முந்துரிமை மட்டுமா இருக்கிறது? ஏரியின் கீழ்க்கரையில் பண்டகசாலை கட்ட இடம் வேண்டும் என்று வணிகர் கேட்கக் காத்திருக்கின்றனர். வேட்கோவர் களிமண் எடுப்பது அக்கரையில்தான். வணிகர் முதலில் பேசினால் இவ்வாண்டே கரை போகும், கரை போனால் களிமண் போகும், களிமண் போனால் ஈரணையில் ஒரு சூளையும் புகையாது. வேட்கோவர் முதலில் பேசினால் கரை அவர்க்கே நிலைக்கும். இத்தனை குடும்பங்களின் சோறு ஒரு தூண் நிற்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நீர் வணிகருக்கு ஏதும் வாக்குக் கொடுத்தீரோ இல்லையோ, யாம் கேட்கவில்லை. கேளாதிருப்பதும் ஒருவகைக் கேள்வியே என்பதை நீர் அறிவீர்.

இனி நும் பணியாளர் செய்த பிழை. தூணைப் பிரிக்குமுன் எத்தூண் எவ்விடத்தது என்று கல்லின் அடியில் உளியால் குறிபொறிக்க வேண்டும் என்பது விதி. மூத்தோர் கை வைத்து வணங்கிய தூணில் இரும்பு படலாகாது என்று அஞ்சி, அவர்கள் மஞ்சளைக் குழைத்துக் குறியிட்டார்களாம். பக்தி நன்று. ஆனால் கல்லெல்லாம் குழிவிளிம்பில் கிடக்கையில் மழை வந்தது. பக்தியும் குறியும் சேர்ந்து குழிக்குள் ஓடிவிட்டன. எல்லாத் தூணும் ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. எது எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை. அப்போது நுமக்குத் தோன்றிய வழியோ, தூண்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கூரைச்செலவை ஏற்கும் வணிகரை முன்னால் நிறுத்திவிடலாம் என்பது. தம்பி, யாம் இருந்த இடத்திலிருந்தே தலையில் கைவைத்துக்கொண்டோம்.

நும் ஓலை வந்த அன்றே எம் பழம்பணி நாயகர் கண்ணந்தையாரைக் குதிரையேற்றி அனுப்பினோம். எதையும் தேய்க்க வேண்டாம், எதையும் வார வேண்டாம் என்ற ஆணையோடு அவர் வந்து இறங்கிய வேளையில், ஒரு தூணின் மேல் மணலும் தேங்காய் நாரும் ஏறியிருந்தனவாம். அவர் அதைப் பிடுங்கி எறிந்த செய்தியை அடுத்த ஓலையில் சற்றுச் சினத்தோடு எழுதியிருந்தீர். அவர் செய்தது சரியே. தூணின் மேல் படிந்திருப்பதை அழுக்கு என்கிறீர். யாம் அதைக் காலப்பூச்சு என்போம். தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்த முதுகுகளும் பற்றிய கைகளும் விட்டுச்சென்றது அது. எண்ணெய் வணிகர் சாய்ந்த தூண் கறுத்து வழவழக்கிறது. வேட்கோவர் பற்றிய தூணில் கல்லின் நுண்துளை எல்லாம் செம்மண் ஏறி, கழுவினாலும் போகாமல் நிற்கிறது. எத்தூண் எவருடையது என்பதைத் தூண்களே சொல்லிவிட்டன. எவ்விடத்தது என்பதை மட்டும் குழிகள் சொல்லவேண்டியிருந்தது.

கண்ணந்தையார் குழிகளை அகழ்ந்த முறையை நும் பணியாளர் வியந்து பார்த்தார்களாம். மண்வெட்டியைத் தொடவில்லை, சிறு கரண்டியும் தென்னந்துடைப்பமும் கொண்டு மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக எடுத்தார். மேலடுக்கில் கிடப்பது பிந்தி வந்தது, கீழடுக்கில் கிடப்பது முந்தி வந்தது, இதுதான் மண்ணடுக்கு. பொருளைக் கண்டதும் கையில் எடுத்துவிடாமல், கிடந்த இடத்தில் கிடந்தபடியே ஊரார் எல்லோரும் பார்த்த பிறகே எடுத்தார். இடம்விட்டு எடுத்த பொருள் ஊமையாகிவிடும் என்பது அவர் அடிக்கடி சொல்வது.

முன்தூண் குழியில் மேல்மண் விலகியதும் ஒரு வெண்கல உழக்கு தென்பட்டது. எண்ணெய் அளக்கும் உழக்கு. வணிகர் தலைவர் பூதங்கிழார் இரு கைகளையும் தூக்கி, “எங்க பாட்டன் கையால வெச்ச உழக்கு இது! எல்லாரும் கண்ணால பாத்துக்கிடுங்க!” என்று ஊர் கேட்கக் கூவினாராம். திருமுகத்தில் இத்தகைய பேச்சை எழுதுவது மரபன்று என்று எம் ஓலைநாயகர் முகத்தைச் சுளிக்கிறார். சுளிக்கட்டும். நடந்தது நடந்தபடி நும் அவை அறிய வேண்டும்.

கண்ணந்தையார் உழக்கைத் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த மண்ணைத் துடைப்பத்தால் ஒதுக்கினார். உழக்கின் அடியில், குழியின் குறுக்கே, ஒரு நூலிழை கனத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கூடினால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணும் அறிவாள். தூண்களில் இட்ட மஞ்சள் மழையோடு இறங்கி, குழியின் பழஞ்சுண்ணத்தில் பட்டுச் சிவந்து, கோடாகப் படிந்திருந்தது. எல்லாக் குழியிலும் அக்கோடு இருந்தது. உழக்கு கிடந்ததோ கோட்டுக்கு மேலே, சரிந்த புதுமண்ணில். பாட்டன் வைத்த உழக்கு, பேரன் காலத்து மழைக்குப் பிறகு எப்படிக் குழிக்குள் இறங்கும்?

கூட்டத்தில் முதலில் பெண்கள்தாம் சிரிக்கத் தொடங்கினார்களாம். பூதங்கிழார் தம் மருமகனைப் பார்த்தார், மருமகன் ஏரியைப் பார்த்தான்.

அதன்பின் கண்ணந்தையார் சிவந்த கோட்டைக் கடந்து, எவர் கையும் படாத பழைய இறுக்கத்தைத் திறந்தார். அங்கே இருந்தது பானை தட்டும் உருண்டைக் கல். கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒருபுறம் குழிந்த கல். வேட்கோவர் தலைவி சாத்தி அதைக் கண்டு அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். அவளோ முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “எங்க கல்லு எங்க குழியிலதானே கெடக்கும், அதுக்கு எதுக்கு இத்தன கூட்டம்? மொதல்ல பேசணும்னு எங்களுக்கு ஒண்ணும் ஆசையில்ல சாமி. களிமண்ணு எங்களுக்கு வேணும், அதச் சொல்லிட்டுப் போயிடுறோம். சூளையில நெருப்பு கெடக்கு” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாளாம். இதை வாசித்தபோது யாம் உரக்கச் சிரித்தோம். நெஞ்சு குளிர்ந்தும் போயிற்று. கரை எவர் கைக்குப் போகுமோ என்று பல நாளாக எம்மை அரித்த கவலை அன்று தீர்ந்தது.

மற்ற குழிகளும் அவ்வாறே சொல்லின. வணிகருக்குரிய பழைய உழக்கு நடுவரிசையில் கிடைத்தது. ஆக அவர்க்கும் இடம் உண்டு, மதிப்பும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால், மேல்வெயில் நேரே முகத்தில் அடிக்கும் மூலையில் உள்ள கடைசிக் குழியில் கிடைத்ததைக் கண்ணந்தையார் நும்மிடம் சொல்லவில்லை. துணியில் சுற்றி, தாமே சுமந்து வந்து எம் முன் வைத்தார். ஊரார் கிடந்தபடி பார்த்துவிட்டனர் எனினும், காவலரிடம் உரைக்கும் துணிவு எவருக்கும் இல்லையாம்.

அது காந்தள் மலர் பொறித்த முத்திரை. நம்முடையது. நம் குலத்து முன்னோர் ஈரணை அம்பலத்தில் நின்றது கடைசித் தூணில், தம்பி. எல்லோரும் பேசிய பின்னரே பேசும் இடம் அது. நீரோ முன்தூணுக்கும் முன்னால் மேடை எழுப்பி, அதில் சிங்கம் தாங்கும் இருக்கை அமைக்கத் தச்சரை வரவழைத்திருப்பதாக எழுதியிருந்தீர்.

இங்கே சிறிது நேரம் கோமகளை ஒதுக்கிவைத்து அக்காளாக எழுதுகிறேன். எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அந்த முத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். பிறகு ஒரு நிறைவு வந்தது. நாம் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரோ ஒரு பாட்டன் யோசித்து, மண்ணுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நீ கோபப்படாதே. உன்னை எனக்குத் தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருப்பாய், பிறகு நீயே சிரிப்பாய்.

ஆகவே யாம் ஆணையிடுவன: வேட்கோவர் தூண் முன்குழியில் ஏறுக. ஒவ்வொரு குழியிலும் கண்ட பழம்பொருள் கண்ட இடத்திலேயே மீண்டும் வைக்கப்படுக. கல்லை எவரும் தேய்க்கலாகாது. உடைந்த உத்தரத்துக்கு வணிகர் தரும் புதுக்கல் பழங்கல்லைப் போல் வேடமிடாது நிற்க. அதன் முகத்தில் இவ்வாண்டும் கொடுத்தோர் பெயரும் பொறிக்கப்படுக, பின்வருவோர் எது பழையது எது நம் காலத்தது என்று மயங்காதிருக்க. பூதங்கிழாரின் மருமகனைத் தண்டிக்க வேண்டா. அவன் வைத்த உழக்கால் ஆண்டு முழுதும் அம்பல விளக்குக்கு எண்ணெய் அவனே அளந்து ஊற்றுக. மேடைக்கு வந்த தச்சர் வெறுங்கையோடு திரும்ப வேண்டா. கடைசித் தூணருகே நிழலுக்கு ஒரு சாய்ப்பு இறக்குக.

கூட்டத்தன்று யாமும் வருவோம். கடைசித் தூணில் இருவர்க்கும் இடம் உண்டு. சாத்தி பேசி முடிக்கும்வரை நீர் வாய் திறவாதிருக்க யாம் அருகிருந்து பார்த்துக்கொள்வோம்.

இவ்வோலைக்கு இட்ட இலச்சினையை உற்றுப் பார்க்க. இது எம் விரல் மோதிரத்தின் பொறி அன்று. ஈரணைக் கடைசிக் குழியிலிருந்து வந்த பழைய முத்திரையின் பொறி. இதழ் ஒன்று தேய்ந்திருக்கும். ஒரே ஒரு முறை அரக்கில் அழுத்தி, துடைத்து, இவ்வோலையோடே அனுப்புகிறோம். நும் கையாலேயே அதை அது கிடந்த இடத்தில் வைத்து மண்ணிடுக. இது எம் ஆணை.