ஆறாவது ஆளாக நீ

இன்று காலை சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது, டப்பாக்களுக்குப் பின்னால் கொரோனா காலத்துப் பழைய கபசுரக் குடிநீர்ப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்து முகர்ந்தேன். அந்தக் கசப்பு மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே நம்மை மூட்டை தூக்கக் கூட்டிப்போன மேஸ்திரியின் ஞாபகமும் வந்து வயிறு எரிந்தது.

தடுப்பூசி என்பது டிவியில் மட்டும் இருந்த காலம் அது. ராயபுரத்து வீட்டு வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தாய். யார் வந்தாலும் அதற்கு அப்பால் நின்றுதான் பேச வேண்டும். "எனக்கு சுகர் கீது மாமு. ஊசி வர்ற வரைக்கும் லோடு எறக்க வரமாட்டேன்" என்றாய். "உசுரு இன்னா வெல்லமா?" என்று கிண்டல் செய்தேன். "ஆமா, வெல்லந்தான்" என்றாய், சிரிக்காமல்.

நம் குடோன் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆறு பேர் நின்றால்தான் கேங். ஒரு ஆள் குறைந்தாலும் லாரி அடுத்த கேங்குக்குப் போய்விடும். அன்று நாங்கள் ஐந்து பேர். மேஸ்திரி தெருமுனையிலேயே நின்றுகொண்டு என்னை உன்னிடம் அனுப்பினான். "ஒரே ஒரு நாள் மாமு. நீ வரலைன்னா அஞ்சு வூட்லயும் அடுப்பு எரியாது" என்றேன். பிறகு கயிற்றை அவிழ்த்தாய்.

கேட்டில் காவலாளி நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பான். அதற்கு முன்பே, லாரி மறைவில், நம் கேங்கில் ஒருவனுக்கு மேஸ்திரி மாத்திரை கொடுத்து, ஈரத் துண்டால் நெற்றியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டேன். "சும்மா சளிதான். வாய மூடிக்கினு வா" என்றான். மூடிக்கொண்டேன். அன்று பகல் முழுக்க நீயும் அந்த ஆளும் ஒவ்வொரு மூட்டையையும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கினீர்கள். அவன் பிழைத்துக்கொண்டான். உன் உடலைக்கூட ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

மேஸ்திரியை நான் சும்மா விடவில்லை. குடோன் குடோனாகப் போய் அந்த ஈரத் துண்டைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு கேங்கும் அவன் பின்னால் போகவில்லை. இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். சுற்றுவழிதான், ஆனாலும் தினமும் அந்தப் பக்கமாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். எதிரே நின்று அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பேன். மனசு குளிரும். போன வாரம், "இன்னும் எத்தினி நாளிக்குடா இப்டி?" என்று கேட்டான். "நீ சாவுற வரிக்கும்" என்றேன்.

ஊரெல்லாம் சொன்ன கதையில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அந்தத் துண்டை அன்று காலையிலேயே பார்த்தும் வாயை மூடிக்கொண்டேன் என்பதை.

மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். குடி, பொய், சண்டை எல்லாவற்றையும் சொல்கிறேன். இதைச் சொல்வதில்லை. சொன்னால் மேஸ்திரியை மன்னித்துவிடு என்பார் ஃபாதர். அதைக்கூடக் கேட்டுக்கொள்ளலாம். என்னையும் மன்னித்துவிடுவார்.