நீ திருத்திய விடைத்தாள்

சிட்டு,

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடு. முட்டைப் பொரியலை மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் வந்தால், அம்மா வரும்வரை கதவைத் திறக்காதே.

இப்போது விஷயம். பிசினஸ் ஸ்கூல் வெயிட்டிங் லிஸ்டில் அப்பா பெயர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி மார்க் கூடினால் இடம் கிடைக்கலாம். பதிவு செய்ய இன்று மாலை ஆறு மணிதான் கெடு. "மார்க் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று அம்மா நேற்று கேட்டாள். "வீட்டுல எழுதிப் பாக்குறதுல வாராவாரம் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவளிடம் காட்டத்தான் இன்று காலை நீ திருத்திய பயிற்சித் தாள்களை எடுத்தேன். இந்த வாரத் தாளில் நீ சரி என்று டிக் போட்டதில் நாலு தப்பு. போன வாரத் தாளில் மூன்று. விடைப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தினாயா, என் மூஞ்சியைப் பார்த்தா?

கோபமில்லைடா. ஆனால் ஏறியது என் மார்க்கா, உன் பாசமா என்று புரியாமல் தலை சுற்றுகிறது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

மேஜைமேல் புதுத் தாள் இருக்கிறது. இன்று காலை கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். உள்ளபடி திருத்தி, ஐந்து மணிக்குள் கடைக்குப் போன் போட்டு மார்க்கைச் சொல். அதைக் கேட்டுத்தான் முடிவு.

அப்பா

பி.கு.: ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தாட்சண்யம் காட்டலாம்.

வேண்டாம், காட்டாதே. பேனாவில் எழுதித் தொலைத்துவிட்டேன். மேலே உள்ள பி.கு.வைப் படிக்காத மாதிரி இரு.