நானூறு பெட்டியில் உன் பிறந்தநாள்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு கூத்து. எங்கள் கிடங்குக்குப் புது வீடியோ கேம் பெட்டிகள் வந்தன. எந்தத் தேதியிலிருந்து விற்கலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. என் புத்தி எங்கே போனதோ, நானூறு பெட்டியிலும் உன் பிறந்தநாளை அச்சடித்து ஒட்டிவிட்டேன்! உண்மையான தேதி அதற்கு அடுத்த வாரம். வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லப் போனேன். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்: "ரிலீஸையே ஒரு மாசம் தள்ளிட்டாங்கப்பா! எல்லா ஸ்டிக்கரையும் உரிச்சிட்டுப் புதுசா ஒட்டணும்."

போன உயிர் திரும்பி வந்தது. முதல் ஆளாக ஓடிப்போய் உரித்தேன். "என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு?" என்றார்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். கிடங்கில் ஒரே தூசி. முகத்தில் கட்டிக்கொள்ள உன் பழைய துப்பட்டா ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன்னவன்